டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தங்கை மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 3 வாரம் இருந்தாள். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பெர்ரி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அங்குள்ள தாதி மிஸ்ஸிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தூக்கம் வராமல் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஆனால், டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்தது மருந்துச் சீட்டும், 6 வாரம் கழித்து ஒரு கிளினிக் தேதியும்தான். தேறிவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் காலை, பள்ளிச் சீருடையோடு ஒரு காலில் மட்டும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மதியம் வரை எழவில்லை. இன்னொரு சப்பாத்து மடியிலேயே கிடந்தது. தங்கை பதறிப்போய் போன் செய்தாள். ‘கொடுத்த தேதிக்கு வாங்க’ என்றார்கள்.

வார்டைவிட்டு வெளியே வந்த முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் தற்கொலை அபாயம் மிக அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நேரத்திலா பிள்ளையைக் கண்ணில் படாமல் விடுவது?

தேறியதை அளக்கக் கருவி இல்லாமலில்லை. பிள்ளைகளின் மனநலத்தை அளக்கப் பிரிட்டனில் உருவான ‘ஹொனோஸ்கா’ அளவுகோலில், பள்ளிக்குப் போவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, வீட்டு உறவு என ஒவ்வொன்றுக்கும் 0 (பிரச்சினை இல்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை புள்ளி உண்டு. சேரும்போது ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை போட்டுப் பார்த்தால் எது குறைந்தது, எது அப்படியே நிற்கிறது என்று தெரியும். என் கேள்வி மூன்றாவது முறையைப் பற்றியது: வீட்டுக்கு வந்து 3 மாதம் கழித்து யார் போடுவது? வார்டுக்குள் பள்ளியும் இல்லை, பரீட்சையும் இல்லை, சொந்தக்காரர் வாயும் இல்லை. அங்கே எடுத்த புள்ளி பாதிக் கணக்குதான்.

எந்தப் பிள்ளை மறுபடி சறுக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சில தடயங்கள் உண்டு. நோயின் பெயரை மட்டும் வைத்துக் கணிப்பது போதாது. நோய்க்கு முன் பிள்ளை எப்படி இருந்தது, வீட்டுச் சூழல் எப்படி, மருத்துவரோடு ஒட்டுதல் வந்ததா, வெளியே வந்தபின் தொடர்ந்து பார்க்க ஆள் உண்டா, இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் யாருக்கு 6 வாரம் பொறுக்கலாம், யாரை 6 நாளில் கூப்பிட வேண்டும் என்றாவது பிரிக்கலாம் அல்லவா?

சுகாதார அமைச்சின் 2022 ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. நம் வீடுகளிலும் இது இருக்கிறது. பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்று ஊர் பேசுமே என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறோம். அதனால்தான் என் பெயரையும் போட முடியவில்லை. அவள் திரும்பவும் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்தில் வார்டிலிருந்து ஒரு போன் வரட்டும். தாயிடமும் கேட்கட்டும், அதுவும் தமிழில். பிள்ளையின் மனநிலை, நடத்தை பற்றி 25 கேள்விகள் கொண்ட ‘எஸ்டிகியூ’ படிவம் தமிழிலேயே இருக்கிறது. வேறு ஏதும் கவலை உண்டா என்று எழுத அதில் இடமும் உண்டு. அந்தத் தாள் கையில் இருந்திருந்தால், வாசற்படியில் கண்டதைத் தங்கை அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
பட்டர்வொர்த், பினாங்கு