மரபணு திருத்திய நெல் விதை: குலுக்கலில் தேர்ந்த குடிமக்கள் குழு கோரும் மனு

அனுப்புநர்:
காவிரி டெல்டா சிறு, குறு விவசாயிகள், குத்தகைதாரர்கள், விவசாயத் தொழிலாளர்கள்.

பெறுநர்:
வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர்,
வேளாண்மை - உழவர் நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: மரபணு திருத்திய நெல் விதையை மானியத்தில் வழங்கும் முன் குடிமக்கள் குழுவின் கருத்தைப் பெறக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2025 மே மாதம் மரபணு திருத்திய, அதாவது பயிரின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்த, இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் 'கமலா', எங்கள் வயல்களுக்குப் பழகிய பிபிடி 5204 நெல் ரகத்திலிருந்து உருவானது. வேறு உயிரினத்தின் மரபணு எஞ்சாத இவ்வகைப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப்பட்ட உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசு 2022 மார்ச்சில் விலக்களித்தது. மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய்க்கு 2010-இல் ஏழு நகரங்களில் நடந்த கருத்துக்கேட்பில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. அதே முறையை இங்கே நடத்தினாலும் போதாது. ஒரே நாள் கூட்டத்தில் ஒலிவாங்கி கிடைப்பவர் பேசுவார். கூலி வேலையை விட்டு வர முடியாதவர் கருத்து பதிவாகாது.

எனவே 24 பேர் கொண்ட குழுவைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம். பட்டா பட்டியலிலிருந்து எடுத்தால் குத்தகைதாரரும், நிலமற்றவரும், பெரும்பாலான பெண்களும் விடுபடுவார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து 600 பேருக்குக் கடிதம் அனுப்பி, சம்மதிப்பவர்களுக்குள் பாலினம், வயது, நில உரிமை பார்த்து மறுகுலுக்கல் நடத்துவதே சரி. பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். உத்திரமேரூர்க் குடவோலையில் நிலமுள்ளவர் பெயரே ஓலையில் ஏறியது. அந்தக் குறை இங்கே வேண்டாம்.

அமர்வுகள் இரண்டு வார இறுதிகளில் நான்கு நாள், குறுவைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் நடக்க வேண்டும். நாள்கூலி, பயணச் செலவு, சாப்பாடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவை இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆதரிக்கும், எதிர்க்கும் வல்லுநர்கள் இருதரப்பும் தமிழில், சம நேரம் பேச வேண்டும். யாரை அழைப்பது என்பதில் குழுவுக்கும் உரிமை வேண்டும். நடத்துநர் துறை அலுவலராகவோ விதை நிறுவனத்தைச் சார்ந்தவராகவோ இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட, கேள்வி சரியாக அமைய வேண்டும். "எப்போது வழங்கலாம்" என்று கேட்டால் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றே பொருள். "வழங்கலாமா, எந்த நிபந்தனைகளோடு" என்று கேளுங்கள். விதைப் பையில் அடையாளம், தொழில்நுட்பக் காப்புரிமையால் விலை ஏறுமா, அறுவடை விதையை மறுபடி விதைக்க உரிமை, பாரம்பரிய ரகங்களோடு கலப்பு ஆகிய நான்கும் கட்டாயம் பேசப்பட வேண்டும்.

குழுவின் அறிக்கையை, மாற்றுக் கருத்துகளையும் சேர்த்து, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் வாசிக்கவும், ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணத்தை 60 நாளில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். அதுவரை வேளாண் விரிவாக்க மையங்கள் வழியே இவ்விதைகளை வழங்காதிருக்கவும் கோருகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்