காப்புரிமை அலுவலகம் குறித்து நண்பனுக்கு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி மனத்துக்கு நிறைவாக இருந்தது. அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

2023-24இல் புதிய கண்டுபிடிப்புகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் (பேடன்ட்) வழங்கப்பட்ட பிறகு நம் காப்புரிமை அலுவலகத்தில் இன்னும் என்ன குறை என்று கேட்டிருந்தாய். கண்டுபிடிப்பாளர்கள் சார்பில் விண்ணப்பங்களை நடத்தும் காப்புரிமை முகவராக அன்றாடம் அதனோடு பழகுகிறவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாமதம் பெரிய நோயாக இருந்தது உண்மைதான். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு விண்ணப்பம் முடிவுக்கு வர இங்கே சராசரியாக 58 மாதங்கள் ஆயின, சீனாவில் 20. அங்கே 13,704 பேர் பணியில் இருக்க, நம்மிடம் இருந்தவர்கள் 860 பேர். தன் விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிக்க வேண்டும் என்று விண்ணப்பதாரர் கோருவதற்கான காலக்கெடுவை 48 மாதங்களிலிருந்து 31 ஆகக் குறைத்த 2024ஆம் ஆண்டு விதித்திருத்தத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் வேகம் ஒன்றே செயல்திறன் ஆகிவிடாது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து தொடர்பான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் 2006இல் நிராகரித்ததும், அறிந்த பொருளின் புதிய வடிவத்துக்குக் கூடுதல் பலன் நிரூபிக்கப்பட வேண்டும் என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் அந்த முடிவை உறுதி செய்ததும் உனக்கு நினைவிருக்கும். ஓர் அதிகாரி காரணங்களை எழுதி எடுத்த முடிவு, ஏழாண்டு வழக்குக்குப் பின்னும் நிலைத்தது.

அண்மையில் என் கைக்கு வந்த ஒரு நிராகரிப்பு உத்தரவோ, முன்பே வெளியான மூன்று ஆவணங்களின் எண்களை வரிசையாகக் குறிப்பிட்டுவிட்டு, துறை அறிந்தவருக்கு இக்கண்டுபிடிப்பு வெளிப்படையானதே என்று அடுத்த வரியிலேயே முடித்துவிட்டது. எந்த ஆவணத்தின் எந்தப் பகுதி விண்ணப்பதாரர் உரிமை கோரும் எந்த அம்சத்துக்கு எதிராக நிற்கிறது என்பதற்கு ஒரு சொல் இல்லை. இத்தகைய காரணமற்ற உத்தரவுகளை டெல்லி, சென்னை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. இந்த அலுவலகத்தின் முடிவுகள் மீதான மேல்முறையீடுகளை விசாரித்துவந்த வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால் அச்சுமையும் நீதிமன்றங்கள் மீதே விழுகிறது. அவசரத்தில் மிச்சமான மாதங்களைவிட மறுவிசாரணையில் கரையும் காலம் அதிகம். எனவே மாதத்துக்கு எத்தனை கோப்புகள் முடிந்தன என்பதை மட்டும் பாராமல், மேல்முறையீட்டில் எத்தனை உத்தரவுகள் நிலைத்தன என்பதையும் கணக்கில் கொண்டு அதிகாரிகளை மதிப்பிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இதற்கு வேண்டியவர்கள் உன் வகுப்பறையிலேயே இருக்கிறார்கள். பொறியியல் பட்டமோ அறிவியல் முதுகலைப் பட்டமோ உடையவர்கள் விண்ணப்பங்களை ஆராயும் பரிசோதகர் பணிக்கான தேர்வை எழுதலாம். பொறுமையாகப் படித்து, படித்ததைத் தெளிவாக எழுதக்கூடிய மாணவர்களிடம் இப்பணியைப் பற்றி எடுத்துச் சொல். விவரம் கேட்பவர்களை என்னிடம் அனுப்பு.

அன்புடன்,
ராகவன்