சூரிட்டி கையெழுத்து

கார்த்தி கண்ணா,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் சௌக்கியம், அப்பாவுக்கு சுகர் கண்ட்ரோல்ல இருக்கு, சின்னவளுக்கு தை மாசம் வளைகாப்பு, மத்ததெல்லாம் போன்ல சொல்லலாம்னா நீ எடுக்கவே மாட்டேங்குற, ப்ளூ டிக் மட்டும் வருது.

சரி விடு. உன் பாஸ்கெட்பால் ஆளு ஆண்டோயின் வாக்கர் பத்தி படிச்சேன்டா. காலங்காத்தால பாஸ்டன் மேட்ச் போட்டுட்டு, பாலை ஆற விட்டுட்டு, அவன மாதிரியே தோளைக் குலுக்கிக் குலுக்கி ஹால்ல ஆடுவியே, அவன்தான். 12 வருஷம் ஆடி சம்பளமா மட்டும் 10.8 கோடி டாலர் வாங்கியிருக்கான். 2006ல மயாமி டீமோட சாம்பியன். 2010 மே மாசம் திவால் மனு போட்டுட்டான், சொத்து 43 லட்சம் டாலர், கடன் 1.27 கோடி டாலர்!

கார், வாட்ச், சூதாட்டம்னு எல்லாரும் சொல்றாங்க, அதுவும் இல்லாம இல்ல. ஆனா இத்தனை வருஷம் லோன் செக்ஷன்ல உக்காந்தவளுக்கு வேற ஒண்ணுதான் கண்ணுல படுது. சிகாகோல பில்டிங் பில்டிங்கா வாங்கி, லோன் கம்பெனி பேர்ல, சூரிட்டி மட்டும் தன் பேர்ல போட்டிருக்கான். 2008ல வீட்டு மார்க்கெட் விழுந்ததும் கம்பெனியால கட்ட முடியல, பேங்க் நேரா இவன் கழுத்துல கை வெச்சிருச்சு. சூரிட்டின்னா அதான்டா. கட்ட வேண்டியவன் கட்டலேன்னா அசலும் வட்டியும் நம்ம தலையில, அவன் எவ்வளவு நல்லவன்னு பேங்க் கேக்காது. அப்புறம் ஐடஹோல சின்ன லீக்ல போய் ஆடியிருக்கான் பாவம். இப்ப சின்னப் பசங்களுக்குப் பணத்தைப் பத்தி சொல்லித் தர்றானாம், நல்லா இருக்கட்டும்.

ஜூனியர் பிரிட்ஜ்மேன்னு இன்னொருத்தர், மில்வாக்கில ஆடினவர், வருஷத்துக்கு மூணரை லட்சம் டாலருக்கு மேல சம்பளமே பாக்கல. வெண்டிஸ்ங்கிற பர்கர் கடையில தானே நின்னு வேலை கத்துக்கிட்டு ஒவ்வொரு கடையா வாங்கி, 2025ல இறந்தப்ப நூறு கோடி டாலரத் தாண்டின ஆளு. தனக்குத் தெரிஞ்ச தொழில்ல போட்டார்டா, அடுத்தவன் சொன்னான்னு போடல.

நம்ம தெருவுல உன்ன மாதிரி சம்பாதிக்கிற பிள்ளை யாரும் இல்ல, கோயில்ல கூட உன்னப் பத்திதான் கேக்கறாங்க, எனக்கு அவ்வளவு பெருமை. அவ்வளவு சம்பாதிக்கிறவனுக்கு அம்மாகிட்ட பத்து நிமிஷம் பேச நேரம் இல்லையா? ஒழுங்கா சாப்பிடு. எதுல கையெழுத்து போட்டாலும் படிச்சிட்டுப் போடு.

சுரேஷ் நல்ல பையன்தான், நம்ம வீட்டுச் சோறு தின்னு வளந்தவன், அவன் ஹோட்டல் நல்லா நடக்கட்டும். பெரியப்பாவும் நல்லவங்களுக்குத்தான் கையெழுத்து போட்டாரு. எதுல கையெழுத்து போட்டாலும் படிச்சிட்டுப் போடு கண்ணா, திரும்பத் திரும்ப சொல்றேன்னு கோவிச்சுக்காதே.

கவிதா என்கிட்ட எதுவும் சொல்லல, அவகிட்ட போய் கேக்காதே. அந்தப் பேப்பர போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. போட்டுட்டேன்னாலும் அனுப்பு, திட்ட மாட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் இல்ல, முழுசா அனுப்பு.

அம்மா