சைக்கிளுக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஊரார் வாசிப்பதை எல்லாம் அளந்து சம்பளம் வாங்கியவனை, பத்து நாள் எதையும் வாசிக்காதே என்று உட்கார வைத்துவிட்டார்கள்! உன் முட்டிவலி தேவலையா?

மகள் வீட்டோடு போய்விடலாம் என்று புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடியிலிருந்து 1992 புதுக்கோட்டைக் குறிப்பேடு வந்தது. நீ அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டராக, கல்குவாரிப் பெண்களுக்கு லாந்தர் வெளிச்சத்தில் 'பட்டா', 'படி' என்று சொல்லிக்கொடுப்பாய். நான் என் ஆய்வுக்காகப் பின்னால் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பேன். நிமிடத்துக்கு 30 சொல் வாசிக்க வேண்டும், நூறு வரை எண் எழுத வேண்டும் என்பது தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவு. பகலெல்லாம் கல் உடைத்த கைக்குச் சிலேட்டுக்குச்சி நிற்காது என்று நீ சண்டை போட்டாய்.

ஒரு அக்கா 18 சொல்லில் நின்றுவிட்டார். 'தேறவில்லை' என்று எழுதியிருக்கிறேன். ஓரத்தில் பென்சிலில் இன்னொரு வரி: 'வாடகை சைக்கிளில் வந்தார். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை.'

மாவட்டமே சைக்கிள் பழகிய காலம் அல்லவா அது? ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டியவர்கள், பிள்ளையை உட்கார வைக்க அந்தக் குறுக்குக் கம்பிதான் வசதி என்று அதையே விரும்பிக் கேட்டார்கள். பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திராமல் சந்தைக்குப் போனார்கள். என் ஆய்வேட்டின் 300 பக்கத்தில் சைக்கிள் என்ற சொல்லே கிடையாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. வழிகாட்டியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' வந்தது அந்த அட்டவணைகளால்தான்.

2007-இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது மதிப்பீடு செய்யப் போனேன். பிள்ளைகள் தரையில் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள், கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அங்கேயும் எத்தனை பேர் கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். பழக்கதோஷம். ஒன்று மட்டும் மாறியிருந்தது: ஓரத்துக் குறிப்புகளையும் அறிக்கையில் சேர்த்தேன். 'ஆய்வுக்குத் தொடர்பில்லை' என்று அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, குறிப்பேட்டை உனக்கே அனுப்புகிறேன். 41-ஆம் பக்கம் பார். அந்த அக்காவின் ஊர் உன் வீட்டிலிருந்து பக்கம்தானே? உன் முட்டி ஒத்துழைத்தால் ஒரு நடை விசாரித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்