மின்விசிறியில் மிச்சமாகும் பணம்

ஆசிரியருக்கு வணக்கம். கோடை வந்தால் மின்கட்டணம் பற்றிய புலம்பலும் வந்துவிடுகிறது. தமிழகத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை; 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுகிறது. இது பலருக்குத் தெரியாது.

ஏசியைத் திட்டுகிறோம், சரி. நாள் முழுக்கச் சுழலும் பழைய மின்விசிறியை யாரும் கவனிப்பதில்லை. அது சுமார் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி வகை விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சம். எரிக்கும் நிலக்கரியும் குறையும். விலைதான் சற்றுக் கூடுதல். கூட்டுறவுக் கடைகளில் தவணை முறையில் இவற்றை விற்க அரசு ஏற்பாடு செய்யலாமே?

– ஒரு வாசகர், மதுரை