புதிய முதல்வருக்கு ஒரு பழைய வாத்தியாரின் கடிதம்

அன்புள்ள முதல்வர் அம்மாவுக்கு,

இப்படித் தொடங்கினால் நீ சிரிப்பாய் என்று தெரியும். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பெண், இன்று ஒரு கல்லூரியின் முதல்வர் நாற்காலியில். வாழ்த்தெல்லாம் போனில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அன்று நீ போகிற போக்கில் ஒன்று கேட்டாய். "சார், பெற்றோருக்கு வேலை உத்தரவாதம் வேண்டும். கம்பெனிகளுக்கு வந்த அன்றே வேலை தெரிந்த ஆள் வேண்டும். பிள்ளைகளுக்கு மரியாதை வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?" மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல அந்த நாற்காலியில் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒரு பழைய கதை. மாணவர்கள் வாடிக்கையாளர்களைப் போலப் பேசுகிறார்கள் என்று உன் சக ஆசிரியர்கள் புலம்புவார்கள். இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் தொடக்கமாக 1088ஆம் ஆண்டைச் சொல்வது வழக்கம். அங்கே சட்டம் படிக்க வந்தவர்கள் தங்களுக்குள் சங்கம் சேர்த்துக்கொண்டு பேராசிரியர்களை ஆட்டிவைத்தார்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்தால் வாத்தியாருக்கு அபராதம். நேரம் தாண்டிப் பேசினாலும் அபராதம். (நான் அங்கே இருந்திருந்தால் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.) அதனால் மாணவன் கேள்வி கேட்டாலே காலம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நீ பதற வேண்டாம்.

நீ பதற வேண்டியது வேறொன்றுக்கு. கல்லூரிகள் அரை வாசல் மட்டும் திறந்துவிட்டு, முழுதாகத் திறந்ததாகச் சொல்லிக்கொள்ளும். இதில் கேம்பிரிட்ஜை மிஞ்ச ஆளில்லை. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இல் தொடங்கியது. 1881 முதல் பெண்கள் முறைப்படி தேர்வு எழுதலாம் என்றார்கள். ஆனால் பட்டம் கிடையாது. 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற பெண் கணிதத் தேர்வு எழுதினார். ஆண்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்குத் தனிப் பட்டியல். அவர் பெயரை வாசிக்கும்போது, ஆண்களில் முதலிடம் பெற்றவருக்கும் மேலே என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அப்போதும் பட்டம் இல்லை. 1897இல் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. 1921இல் பெயரளவில் ஒரு பட்டம் கொடுத்தார்கள்; நிர்வாகத்தில் வாக்கு கிடையாது. முழுப் பட்டம் வந்தது 1948இல். அதே ஆண்டு ஃபாசெட் இறந்துபோனார், 80 வயதில்.

அந்த வாக்கெடுப்பில் எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பெரிய பெரிய படிப்பாளிகள். தரம் போய்விடும், மரபு போய்விடும் என்று மனதார நம்பியவர்கள். தரம் என்ற சொல்லை உன் ஆசிரியர் குழுக் கூட்டத்திலும் கேட்பாய். கேட்டவுடன், யாரை வெளியே நிறுத்த அது பயன்படுகிறது என்று ஒரு நிமிடம் யோசி.

அமெரிக்காவில் 1944இல் போர்வீரர்களுக்குக் கல்விச் செலவைத் தரும் சட்டம் வந்தபோதும் இதே பயம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதை எதிர்த்து எழுதினார். சட்டம் வந்த மூன்றே ஆண்டுகளில் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். மனைவி, குழந்தையோடு வந்தவர்களுக்குத் தற்காலிகக் கொட்டகைகளைக் குடியிருப்பாக்கினார்கள். மாணவன் என்றால் பள்ளி முடித்த வாலிபன் என்ற கணக்கே உடைந்துபோனது. படிப்பிலும் அவர்கள் சளைக்கவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் சாசனம் பெற்று, 1971இல் பாடம் தொடங்கியது. முன் தகுதி எதுவும் கேட்கவில்லை. அது பெரிய விஷயம்தான். அதைவிட நேரத்தை மாற்றினார்கள் பார், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களும் குழந்தை வளர்ப்பவர்களும் பார்க்கும்படி அதிகாலையிலும் பின்னிரவிலும் பிபிசியில் பாடம் ஒளிபரப்பானது. படிக்க வருகிறவனின் நாள் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப நேரம் வைத்தார்கள்.

இதை நான் என் காலத்தில் செய்யவில்லை. இரவுப்பணி முடித்து நேரே வகுப்புக்கு வரும் ஒரு பையன் இருந்தான். முதல் பாடவேளையில் தூங்கிவிடுவான். மூன்று முறை எழுப்பி வெளியே அனுப்பினேன். நான்காவது வாரம் அவன் வரவே இல்லை. என் பாடத்தை மாலைக்கு மாற்றித்தரக் கேட்டிருக்கலாம். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. அதே வருடம்தான் எங்கள் துறைக்கு நவீனமாக ஒரு பெயர் வைத்து விழா எடுத்தோம். பெயர்ப்பலகை பளபளத்தது. நான் கையில் வைத்திருந்தது பழுப்பேறிய அதே நோட்டு. கேள்வித்தாளில் ஆண்டை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

சரி, கம்பெனிகள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடாதே. 1827இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியிடம் இதே கோரிக்கை வந்தது. செத்த மொழிகளை எதற்குச் சொல்லித் தருகிறீர்கள், காலத்துக்கு வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். 1828இல் ஆசிரியர்கள் ஓர் அறிக்கை எழுதி மறுத்தார்கள். மனதுக்குப் பயிற்சி தருவது முதல் வேலை, அதில் தகவலை நிரப்புவது அடுத்தது என்பது அவர்கள் வாதம். கிரேக்கமும் லத்தீனும் இல்லாமல் அந்தப் பயிற்சி வராது என்று பிடிவாதம் பிடித்ததில் தோற்றார்கள். காலம் அதை ஒதுக்கிவிட்டது. ஆனால் வாதத்தின் முதல் பாதி இன்றும் நிற்கிறது. ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி அதைப் பாடமாக வை என்று வருகிறவரிடம், அது ஐந்து வருடம் தாங்குமா என்று கேள். அவரே யோசிப்பார். அதற்காகப் பெற்றோரின் கவலையை அலட்சியம் செய்யாதே. கடன் வாங்கிப் படிக்கவைக்கிறவர் வேலையைப் பற்றிக் கேட்பதில் என்ன தப்பு?

அப்புறம் இந்தச் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அசைன்மெண்ட் திருத்துகிறவர்கள் யாரும் நிம்மதியாக இல்லை. யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பிப் பிள்ளைகளைக் குற்றவாளியாக்காதே. அவை தப்பும் செய்கின்றன. எதிரே உட்காரவைத்துப் பேசு. எழுத்துத் தேர்வு வேரூன்றுவதற்கு முன் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வாய்வழி வாதம்தான் தேர்வு. ஒரு மாணவரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஆசிரியர்களுக்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் ஆள் வேண்டும். நிர்வாகத்திடம் நீ சண்டை போட வேண்டிய இடம் அதுதான். புதிய கட்டடத்துக்கு அவர்கள் சுலபமாகச் சம்மதிப்பார்கள், இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

அடுத்த மாதம் என்னைப் பேச அழைத்திருக்கிறாய். வருகிறேன், பூமாலை மட்டும் வேண்டாம். அதற்கு முன் உன் கல்லூரியின் கடந்த ஐந்து வருடக் கேள்வித்தாள்களை எனக்கு அனுப்பி வை. விளம்பரப் புத்தகம் வேண்டாம். கூடவே காலை முதல் பாடவேளையில் தூங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர், இரவில் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரித்து வை.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்