பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மூன்று ஞாயிறாக எட்டு மணிக்கு உன் போன் வரவில்லை. நடுவில் நானே இரண்டு தடவை கூப்பிட்டேன். "டூட்டியில இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். பிசியோதெரபியில் ராத்திரி எட்டு மணிக்கு என்ன டூட்டி என்று அம்மா கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. சத்தீஸ்கரில் சாம்பா பக்கம் வெயில் அதிகம் என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடி. கோர்பா ரயிலில் தெரிந்தவர் யாராவது வந்தால் சொல், வடகமும் நார்த்தங்காயும் காட்பாடி ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். செருப்புப் பிரிவில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். நல்ல கை, ஆனால் அவசரம். போன வாரம் வார் பிய்ந்து வந்த செருப்புக்கு ஒரு சின்ன ஆணி அடித்துக் கொடுக்கப் பார்த்தான். பிடுங்கி வாங்கினேன். மரத்துப்போன காலுக்கு ஆணி குத்துவது தெரியாது, நாள் முழுக்க அதன் மேலேயே நடப்பார்கள், ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். உனக்கு இதெல்லாம் தெரியாததா? சின்ன வயதில் செருப்புக்குப் போடுகிற எம்.சி.ஆர். மெத்து ரப்பர் ஷீட்டின் வெட்டுத் துண்டுகளை அடுக்கி வீடு கட்டி விளையாடியவள் நீ. கட்டைவிரலால் அழுத்தினால் பாதியாக அமுங்க வேண்டும், அதற்கு மேல் அமுங்கித் தரை தட்டக்கூடாது என்று அப்போதே சொல்லுவாய்.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். ஒரு பெரியவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ தரையில் உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான். ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் காட்டினேன். டாக்டர் பிராண்ட் நம் வேலூரில் ஆரம்பித்து வைத்த வேலை, சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால்தான் கால் கெடுகிறது என்று அவர் கண்டு சொன்ன வேலை, அதை என் மகள் சத்தீஸ்கர் வரை போய்ச் செய்கிறாள் என்று நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் அதே போட்டோவின் ஓரத்தில் நோட்டும் கையுமாக நிற்கிற தம்பி யார் என்று நீயாகச் சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லக்கூடாதா?

ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது டார்ச் எடுத்துக்கொள். சாப்பாட்டை விட்டுவிடாதே.

2019-ல் சட்டம் மாற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தொழுநோயைக் காரணம் காட்டி யாரும் விவாகரத்துக் கேட்க முடியாது என்று. நம்முடைய கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்திலும் அந்த வரி இருந்தது, அதையும் எடுத்தார்கள். அன்றைக்குப் பேப்பரைக் கத்தரித்து ஒர்க் ஷாப் சுவரில் ஒட்டியது நான்தான். கூட்டுமருந்தை ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற வியாதி, பரம்பரையாக வருவதில்லை, மருந்து ஆரம்பித்தவரிடமிருந்து தொற்றுவதில்லை என்று எத்தனை சபைகளில், எத்தனை பள்ளிக்கூடங்களில் பேசியிருக்கிறேன்.

சரி, சுற்றி வளைக்கவில்லை. சித்தி வந்து சொன்னாள். அந்தத் தம்பி லேபில் இருக்கிறார், அவருடைய அப்பா அதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் குணமானவர், நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டீர்கள் என்று. பையன் எப்படி, ஜெபிக்கிற குடும்பமா, எதையும் நான் கேட்கவில்லை பாப்பா. "அவங்க அப்பாவுக்குக் கை கால் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டேன். அப்புறம் "நம்ம வீட்டுக்கு இது வேண்டாம்" என்றேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் மேல் வருத்தப்படாதே. சொன்னது நான். சித்தி அதை உன் காதில் போட்டிருப்பாள். மூன்று ஞாயிறும் அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் செருப்பு வாங்கிய குடியாத்தம் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஆறு வயது. செருப்பு கொடுக்கப் போனபோது உன்னையும் டி.வி.எஸ்.ஸில் கூட்டிப்போனேன். அந்த வீட்டுப் பாட்டி வேர்க்கடலை வேகவைத்திருந்தார்கள். மடங்கிப்போன விரல்களோடு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நசுக்கி, தாத்தா ஒவ்வொரு கடலையாக உரித்து உன் வாயில் போட்டார். நீ ஆ ஆவென்று காட்டிக்கொண்டிருந்தாய். பரீட்சை இருக்கிறது என்று பொய் சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு அடிபம்பில் நிறுத்தி, கடையில் லைஃப்பாய் வாங்கி, உன் கையையும் வாயையும் தேய்த்துக் கழுவினேன். "ஏம்பா, எரியுதுப்பா" என்று அழுதாய். அவர் மருந்து முடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அது என்னை விட யாருக்குத் தெரியும்?

1987-லிருந்து எத்தனை ஆயிரம் பாதங்களை இந்தக் கையில் பிடித்திருப்பேன். மை தடவிய ரப்பர் விரிப்பில் நடக்கவைத்து, பேப்பரில் எந்த இடம் கறுப்பாக விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்குப் பாரம் போகாமல் செருப்பு வெட்டியிருக்கிறேன். அதில் ஒருநாளும் நான் தவறியதில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன், இப்படியே ஓட்டினேன். தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கடலை நாளுக்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் எனக்கு மட்டும் கடையிலிருந்து மூடி திறக்காத சோடா வாங்கி வைத்திருப்பார். என் கண் முன்னாலேயே மகனை விட்டு உடைக்கச் சொல்லுவார். நான் குடித்தேன். கடைசி வரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிட்டயர் ஆனபோது சபையில் பொன்னாடை போட்டார்கள். அருவருக்காமல் தொட்டு ஊழியம் செய்தவர் என்று ஆயர் சொன்னார். எனக்கு அந்த சோடா பாட்டில்தான் கண்ணில் நின்றது. பெத்தானியாவில் குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில் ஆண்டவர் பந்தியில் உட்கார்ந்திருந்தார் என்று மாற்கு 14-ல் இருக்கிறது. எத்தனை தடவை நானே அதைச் சபையில் நின்று வாசித்திருக்கிறேன்.

தாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவரிடம் கேட்க முடியாததை உன்னிடம் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு பாப்பா. உன்னைக் கழுவியது தப்பு. சித்தியிடம் சொன்னதும் தப்பு. முழுக்க மாறிவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், உள்ளே இன்னும் ஒரு பயம் இருக்கிறது. அதோடுதான் உங்களைப் பார்க்க வருவேன். அந்தத் தம்பியின் வீட்டில் என்ன கொடுத்தாலும் சாப்பிடுவேன்.

வெறும் கையோடு வர மனமில்லை. அவருடைய அப்பாவின் கால் அளவு எடுத்து அனுப்பு. சாயங்காலம் எடு, பகலெல்லாம் நடந்து கால் வீங்கியிருக்கும்போதுதான் சரியாக வரும். உட்காரவைத்து வரையாதே, நிற்கச் சொல். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடி. இரண்டு காலையும் தனித்தனியாக வரை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பழைய தழும்பு இருக்கிற இடத்தில் பெருக்கல் குறி போடு. வாருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேட்டு எழுது. கறுப்பு வேண்டாம், பஸ்ஸில் ஏறினால் அந்தச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிரவுன் தோல் நல்லதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா